கை நடுங்கும் என்று சொன்னேன்

என் மனைவியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்கில். பக்கத்து வீட்டுக்காரன் பெரிய டி.வி. வாங்கினால் வருகிற பொறாமை ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஒரே அறையில் எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற ஆள்மேல் வருவது அப்படி ஆறாது. அதுவும் கூடவே உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடும்.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை ஒன்றில் நான் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ரயிலேறி வந்தவன். எடுபிடியாகச் சேர்ந்து, ஏழு வருஷம் கழித்துத்தான் கத்தி என் கைக்கு வந்தது. முழுத் தோலை மேஜையில் விரித்து, அளவு அட்டைகளை அதன்மேல் அடுக்கி, கோடு போட்டு வெட்டுகிற வேலை. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டி, வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் நீளும். மாடு வேலியில் கிழித்துக்கொண்ட தழும்பு ஒரு பக்கம் இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இன்னொரு பக்கம் இருக்கும். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு தோலில் எத்தனை பை எடுக்கிறான் என்பதை வைத்துத்தான் ஒரு மாஸ்டரை மதிப்பார்கள்.

எங்கள் பட்டறையில் மேஜை ஆண்களுக்கு, தரை பெண்களுக்கு. யாரும் அப்படி எழுதி ஒட்டவில்லை. பெண்கள் தரையில் உட்கார்ந்து பசை தடவுவார்கள், நூல் நறுக்குவார்கள், தைத்த பையைத் துடைத்து உறையில் போடுவார்கள். பத்து வருஷம் ஆனாலும் அவர்களுக்கு ஹெல்பர் என்றுதான் பெயர், ஹெல்பர் கூலிதான். தசரா பூசைக்கு மேஜையைக் கழுவிக் கோலம் போடுவது அவர்கள். கத்திக்குப் பொட்டு வைப்பது நாங்கள். பெண் கை பட்டால் கத்தி மழுங்கிவிடும் என்று என் பக்கத்து மேஜைக்காரன் அடிக்கடி சொல்வான். உன் வீட்டில் மீன் அரிவது யார் என்று நான் ஒரு நாளும் அவனைக் கேட்டதில்லை. அந்த ஏற்பாடு எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் என் மனைவி அதே பட்டறைக்குப் பசை தடவ வந்தாள். நான்தான் முதலாளி சேட்டிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அதை அவளிடம் அவ்வப்போது ஞாபகப்படுத்தவும் செய்வேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு தோல் என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. முதுகின் நட்டநடுவில் ஒரு சாண் நீளத் தழும்பு. அட்டைகளை எப்படி மாற்றி வைத்தாலும் ஐந்து பைக்கு மேல் தேறவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்று பார்த்தாள். பிறகு ஒரு அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள், இன்னொன்றை நாலு விரல் நகர்த்தினாள். தழும்பு இரண்டு அட்டைகளுக்கும் நடுவில், வெட்டிப் போடுகிற இடத்தில் போய் விழுந்தது.

"இப்படி வச்சா ஆறு வருமே. ஏன் வைக்க மாட்டேங்கிய?" என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"சரி சரி, போளா. அங்க பசை காயுது" என்றேன்.

அன்றைக்கு ஆறு பை எடுத்ததற்குச் சேட் என் முதுகில் தட்டி "உஸ்தாத்" என்றார். அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பு கரிக்கிறது என்று சண்டை பிடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சிக்கலான தோல் வந்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் உட்கார்ந்திருக்கிற பக்கம் போவேன். அவள் எழுந்து என் மேஜை வழியாக நூல்கண்டு எடுக்கப் போவாள். போகிற போக்கில் இரண்டு அட்டையை நகர்த்திவிட்டுப் போவாள். வேலை ஆனதும் அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றாது, எரிச்சல்தான் வரும். ஏழு வருஷம் அடியும் திட்டும் வாங்கி நான் கற்றுக்கொண்ட தொழில் இவளுக்குத் தரையில் உட்கார்ந்தபடியே எப்படி வந்தது? அவள் கைகளைப் பார்ப்பேன். பசை ஒட்டி, நகம் கறுத்துப்போன கைகள். எனக்கு அந்தக் கைகள் வேண்டும்போல இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய ஆர்டர் ஒன்று வருவதாக இருந்தது. பை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு அம்மா பட்டறையைப் பார்க்க வந்தார். வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே, "பெண்கள் எல்லோரும் ஏன் கீழே இருக்கிறார்கள்?" என்பதுதான். சேட் சளைக்கவில்லை. எங்களிடம் பெண்களும் வெட்டுகிறார்களே என்று சிரித்தபடி சொல்லி, என் மனைவியை அழைத்துப் பக்கத்து மேஜைக்காரனின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். மாஸ்டர் பெண்டாட்டி, சும்மா கத்தியைப் பிடித்துக்கொண்டு இருப்பாள் என்று நினைத்திருப்பார். பக்கத்து மேஜைக்காரன் டீ குடிக்கப் போனவன் அன்று முழுதும் திரும்பியே வரவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. தோலை விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை முழுக்கத் தடவினாள். அட்டைகளை வைத்தாள், கோடு போட்டாள், வெட்டினாள். கத்தி எங்கும் நிற்கவில்லை. அந்த அம்மா செல்போனில் படம் பிடித்தார். நான் என் மேஜையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்டாட்டி நன்றாக வேலை செய்கிறாள், நாலு பேர் பாராட்டுகிறார்கள், அதைப் பார்த்துப் புருஷனுக்கு வயிறு எரிகிறது.

அந்த எரிச்சலில் நான் ஒரு காரியம் செய்தேன். பையின் கைப்பிடி வாரை வயிற்றுத் தோலில் வெட்டினேன். எங்கள் தொழிலில் முதல் வாரம் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு. வயிற்றுத் தோலில் வார் வெட்டினால் பையைத் தூக்கித் தோளில் போட்ட நாலாம் நாள் அது நீண்டு முழங்காலுக்கு வந்துவிடும். நாற்பது வார் வெட்டிய பிறகுதான் கையில் இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி வந்தது.

அவள் அந்தப் பக்கமிருந்தே பார்த்துவிட்டாள். கம்பெனி அம்மா சேட்டோடு மாடிக்குப் போனதும் வந்து, நாற்பது வாரையும் அள்ளித் தன் மேஜைக்குக் கீழே போட்டுக்கொண்டாள். மறுநாள் அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாவிக்கொத்துப் பட்டை ஆக்கிவிட்டாள். மிச்சத் தோலில் செய்தது என்று சேட்டிடம் சொன்னாள். சேட் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

இவ்வளவும் செய்தவளுக்கு நான் செய்ததை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

ஆர்டர் கிடைத்த அன்று சேட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாஸ்டர், உன் பெண்டாட்டிக்கு நிஜமாகவே ஒரு மேஜை கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். உனக்குக் கொடுக்கிற ரேட்டே அவளுக்கும். அன்றைக்கு நான் கம்பெனிக்காரியோடு சுற்றிக்கொண்டிருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை. நீ சொல், அவளால் தனியாக வெட்ட முடியுமா?" என்று இந்தியில் கேட்டார்.

முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீட்டுக்குள் இரண்டு மாஸ்டர் கூலி வந்திருக்கும். அவளுக்குத் தரையிலிருந்து எழுந்து உட்கார ஒரு இடம் கிடைத்திருக்கும். எனக்கோ வேறொன்றுதான் கண்முன் வந்தது. என் மேஜைக்குப் பக்கத்தில் அவள் மேஜை. சாயங்காலம் சேட் வந்து இரண்டையும் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் பார்ப்பார்.

"நான் கோடு போட்டுக் கொடுத்தேன், அவ வெட்டினா. தனியா ஆகாது சேட். அவளுக்குக் கை நடுங்கும்" என்றேன்.

அவருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. மாஸ்டரும் நான், புருஷனும் நான்.

பொய் நான் வைத்த இடத்தில் நிற்கவில்லை. கை நடுங்குகிறவளுக்குப் பசை வேலை எதற்கு என்று அடுத்த வாரமே அவளைத் துடைத்து உறையில் போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார் சேட். பட்டறையிலேயே கடைசி வேலை அது. நேற்றுச் சேர்ந்த பெண்கள் செய்வது. அவள் நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் நேராகப் போய்ச் சேட்டையே கேட்டுவிட்டாள். அவர் பரிதாபப்பட்டு, உன் புருஷன் எல்லாம் சொன்னான், டாக்டரிடம் காட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளாஸை எடுத்து விளிம்புவரை ஊற்றினாள். இன்னொரு சொட்டு விட்டால் வழிந்துவிடும். ஒற்றைக் கையில் பிடித்து, அடுப்படியிலிருந்து நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு, என் கண்ணையே பார்த்தபடி நடந்து வந்தாள். ஏழெட்டு அடி இருக்கும். என் முன்னால் வைத்தாள். தரையில் ஒரு சொட்டு இல்லை.

"குடிங்க" என்றாள். "கை நடுங்குதான்னு பாத்துக்கிட்டியளா?"

குனிந்து உறிஞ்சாமல் அந்த டீயைக் குடிக்க முடியாது. கையில் எடுத்தேன். என் கையில்தான் சிந்தியது.

"நாளைக்குப் போயி, நீங்க சொன்னது பொய்யின்னு சேட்டுகிட்டச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

போனேன். அதையாவது செய்தேன் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். சேட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கையில் ஒன்றுமில்லை, நன்றாகவே வெட்டுவாள், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்கு நோட்டை மூடிவிட்டுச் சிரித்தார்.

"புரிகிறது மாஸ்டர். எந்த ஆம்பிளைக்குத்தான் பெண்டாட்டி பக்கத்து மேஜையில் உட்காரப் பிடிக்கும்? என் வீட்டுக்காரியும் கடைக்கு வருகிறேன் என்கிறாள், நான் விடுவதில்லை. விடு, இப்படியே இருக்கட்டும்" என்றார். டீ சொல்லி அனுப்பினார். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் காத்திருந்தாள். "சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

"நீங்க?"

ஏற்கெனவே ஒரு பொய் சொன்னது போதும் என்று இருந்தது. "நானும் சிரிச்சேன்" என்றேன்.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் செய்கிற வேலையாவது கிடைத்திருக்கும். அடுத்த வாரம் மான்குர்தில் ஒரு பட்டறையில் போய்க் கேட்டிருக்கிறாள். யார் சிபாரிசும் இல்லை. ஒரு தோலைக் கொடுத்து வெட்டச் சொன்னார்களாம். வெட்டிக் காட்டினாளாம். இதெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. மூத்த மகள் சொல்லித்தான் தெரியும்.

இப்போது காலையில் அவள் எனக்கு முன்னால் கிளம்பிவிடுகிறாள். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, மான்குர்த். அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவன் ஆண். ஒருமுறை வீட்டில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் யாரோ "மாஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். என்னைத்தான் என்று நினைத்து, "ஹாங், போலோ", சொல்லு, என்றேன். அழைப்பு அவளுக்கு. அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினாள். அன்றைக்கு முழுதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மாட்டுங்காவில் ஒரு கடைக் கண்ணாடியில் பை தொங்கினால் நின்று பார்க்கிறேன். வெட்டு சுத்தமாக இருந்தால் அவள் வெட்டியதாக இருக்குமோ என்று தோன்றி, உடனே அங்கிருந்து நகர்ந்துவிடுகிறேன்.

போன மாதம் செம்பூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு வலது பக்கம் அவள். இடது பக்கத்தில் இருந்தவர் ஊர்க்காரர், ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறோம்.

"வீட்ல வேலைக்குப் போறாவளா?" என்று கேட்டார்.

"தோல் கம்பெனியில" என்றேன்.

"என்ன வேலை?"

"என்னத்த, பை வேலைதான். கூட மாட ஒத்தாசைக்கு" என்றேன்.

அவளுக்குக் கேட்டிருக்கும். பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் வழித்தாள்.

அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். என் மனைவி கட்டிங் மாஸ்டர். என்னைவிட நல்ல கட்டிங் மாஸ்டர். அவள் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. இதை எழுதி முடித்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவள் தாராவியிலேயே பிறந்து, இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் பேசுகிற தமிழ் உண்டே தவிர, தமிழில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. இந்தத் தாள்கள் நாலு நாளாக அலமாரி மேல்தான் கிடக்கின்றன. அவள் அவற்றை எடுத்துத் தூசி தட்டி, அதே இடத்தில் திரும்ப வைக்கிறாள். இது என்ன என்று நேற்றுக் கேட்டாள். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதோ கட்டுரை என்றேன்.