டைப்பைச் சொன்னா ஸ்கிரீன் துணி

துணிக்கடை வேலைன்னா துணி மடிக்கிற வேலை. விக்கிறதெல்லாம் நடுநடுவுல நடந்தா உண்டு. கால் வீங்க நின்னு, அடுக்கினதைக் கலைச்சு, கலைச்சதை அடுக்கி, "வேற கலர் காட்டுங்க"ன்னு கேட்டுக் கேட்டே காது புளிச்சுப் போனவங்க உங்கள்ல நெறைய பேரு இருப்பீங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். மத்தவங்க படிச்சா, அடுத்த தடவை கடைக்குப் போறப்ப நாலு ரோலோட நிறுத்திக்குங்க, புண்ணியமாப் போகும்.

நெய்வேலி டவுன்ஷிப்புல எங்க கடை. கீழ பாத்திரம், நடு மாடியில சேலை, மேல் மாடியில நானும் ஜெயக்கொடியும். ஸ்கிரீன் துணி, பெட்ஷீட்டு, தலகாணி உறை இதெல்லாம் எங்க பொறுப்பு. நான் துணியைக் காட்டி, பேசி, கிழிச்சுத் தருவேன். ஜெயக்கொடி மூலையில மெஷின் முன்னாடி உட்கார்ந்து ஓரம் அடிச்சு, வளையம் வச்சுத் தருவா. முத்தாண்டிக்குப்பத்துப் பொண்ணு. அதிர்ந்து பேச மாட்டா. வீட்டுக்காரரு நிலக்கரி மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு வேலை. பெர்மனென்ட் ஆயிடும் ஆயிடும்னு சொல்லியே ரெண்டு புள்ளைங்க பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சாச்சு. அதுவரைக்கும் அந்த வீடு ஓடறது இவ மெஷின்லதான்.

வேற ஊர்ல ஸ்கிரீன் வாங்கறவங்க ஜன்னல் அளவை எழுதிகிட்டு வருவாங்களாம். இங்க யாரும் அளக்கறதே இல்ல. எல்லாம் மைன்ஸ் கம்பெனி கட்டின குவார்ட்டர்ஸ், ஒவ்வொரு டைப்பும் ஒரே அச்சு. "சி டைப்பு, ரெண்டு ரூமுக்கும்"னு சொன்னா போதும், எத்தனை ஜன்னல், எத்தனை வாசல், எத்தனை இன்ச்சுன்னு எல்லாம் என் மண்டைக்குள்ள இருக்கு. என் சொந்த வீட்டு ஜன்னல் அளவைக் கேட்டீங்கன்னாதான் முழிப்பேன்.

ஆடி ஒண்ணாந்தேதி

இந்த வருஷம் ஆடித் தள்ளுபடி ஆரம்பிச்ச அன்னிக்கு முதலாளி மேல ஏறி வந்தாரு. அவரு மேல் மாடிக்கு வந்தா நல்ல சேதி இருக்காது. நல்ல சேதின்னா கீழ இருந்தே கத்திடுவாரு. "ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன். மேல பில்லு விழலைன்னா ஆவணி பொறந்ததும் மாடியை மொபைல் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டுடுவேன். எல்லாரும் ஆன்லைன்லதானே வாங்கறாங்க, எதுக்கு இவ்வளவு இடம்? நீ நடு மாடிக்கு வந்துடு, சேலை காட்டு"ன்னாரு.

ஜெயக்கொடியோட மெஷின் சத்தம் நின்னுடுச்சு. "ஜெயக்கொடி எங்கங்க போவா?"ன்னு நான்தான் கேட்டேன். அவரு ஃபேனைப் பாத்தாரு, ஜன்னலைப் பாத்தாரு, அவளை மட்டும் பாக்கல. "சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கேம்மா"ன்னுட்டு இறங்கிட்டாரு.

எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு முழு ரோலைக் கலைச்சுப் போட்டேன். அப்புறம் நானேதான் அதைச் சுத்தி வைக்கணும்னு ஞாபகம் வந்துச்சு.  ஜெயக்கொடி ஊசியில நூலைக் கோத்துகினே கேட்டா: "ஆடி முடிய எத்தினி நாளுக்கா?"

ரிட்டயர் ஆனவரு

மொத வாரமே ஒரு பெரியவரு வந்தாரு. ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, மேல்பட்டாம்பாக்கத்துல சொந்தமா வீடு கட்டியிருக்காரு. "சி டைப்பும்மா, மொத்தத்துக்கும் கிழிச்சுடு"ன்னாரு. "ஐயா, அது குவார்ட்டர்ஸ் அளவு. புது வீட்டு ஜன்னலை அளந்தீங்களா?"ன்னேன். அவருக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துடுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல சி டைப்புல இருந்தவருகிட்டயே நான் ஜன்னலைப் பத்திப் பேசறேனாம். வாய் கொடுத்து ஜெயிக்க முடியல. கிழிச்சேன், ஜெயக்கொடி தைச்சா, ரெண்டு பை நிறைய எடுத்துகிட்டுப் போனாரு.

நாலாம் நாள் மாடிப்படியில அவரு தலை தெரிஞ்சதும், துணியைத் திருப்பிக் கொண்டாந்துட்டாருன்னு நெனச்சேன். தைச்ச துணியைத் திருப்பி எடுக்க மாட்டோம்னு போர்டு வச்சிருக்கோம். அந்தப் போர்டை இதுவரைக்கும் யாரும் மதிச்சதில்ல. ஆனா மனுஷன் சாந்தமா வந்து, ரெண்டு பெட்ஷீட்டு பாத்து, பேரமே பேசாம வாங்கினாரு. நானே மனசு கேக்காம, "ஸ்கிரீன் சரியா இருந்துச்சுங்களா?"ன்னு கேட்டுட்டேன். பக்கவாட்டுல ஒரு ஜாண் போதலையாம். அதுக்கு அவரு சொன்ன சமாதானம்: "துணி கரெக்டும்மா. கொத்தனாரு ஜன்னலைத்தான் பெருசா வச்சுட்டான், நாளைக்கு வந்து சின்னதாக்கித் தர்றேன்னிருக்கான்."

நகத்துல சுரண்டினவங்க

திருநெல்வேலிப் பக்கத்துக்காரம்மா ஒருத்தங்க. வீட்டுக்காரரு மைன்ஸ்ல பெரிய வேலை. ஆனா பேரம் பேசறதுல அவங்களுக்குப் பதவியெல்லாம் கிடையாது. ஒரு பெட்ஷீட்டைக் கையில எடுத்தாங்க. துணியைத் தொட்டுப் பாப்பாங்கன்னு பாத்தா, விலைச் சீட்டைப் போயி நகத்தால சுரண்ட ஆரம்பிச்சாங்க. ஆடிச் சீட்டு உரிஞ்சுது. அதுக்கு அடியில பொங்கல் சீட்டு. அதையும் சுரண்டினாங்க. அடியில தீபாவளி. அதுக்கும் அடியில ஒண்ணு, எந்தப் பண்டிகைக்கு ஒட்டினதுன்னு எனக்கே தெரியல. நாலுலயும் அதுதான் விலை கம்மி.

 அந்தச் சீட்டையெல்லாம் என் கையாலதான் ஒட்டினேன், என்னத்தைச் சொல்ல? "அதெல்லாம் பழைய சீட்டும்மா"ன்னேன். "துணியும் பழசுதான பிள்ள?"ன்னாங்க. கீழ போன் போட்டு முதலாளியைக் கேட்டேன். அவரு, "கொடுத்துத் தொலை"ன்னாரு. பில் போடறப்ப அந்தம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்துச் சொன்னாங்க: "மேல ஒட்டினதெல்லாம் ஒங்க மொதலாளி வெல, அடியில கெடக்கதுதான் துணி வெல. நான் துணி வாங்கத்தான வந்திருக்கேன்?"

கிளிப்பச்சை

அமுதான்னு ஒரு பொண்ணு வந்து, "எங்க வரிசையில யார் வீட்டுலயும் இல்லாத கலர் வேணும்க்கா"ன்னா. பந்தாவுக்குக் கேக்கறான்னு நெனச்சேன். விஷயம் அது இல்ல. அவ வீட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சு, தூக்கக் கலக்கத்துல, காலையில தன் வீடுன்னு நெனச்சு பக்கத்து வீட்டுக்குள்ள போயி, ஷூவைக் கழட்டி வச்சுட்டு, பேப்பரை விரிச்சு, "காபி கொண்டா"ன்னிருக்காரு. அந்த வீட்டம்மாவும் காபியைக் கொடுத்துட்டாங்க. குடிச்சு முடிச்சு, சக்கரை கம்மின்னு சொல்லத் தலையை நிமிர்த்தினப்பதான் தெரிஞ்சிருக்கு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

ரெண்டு வருஷமா யாரும் தொடாத கிளிப்பச்சை ரோல் ஒண்ணு கிடந்துச்சு. கண்ணு கூசும். "இதை யாரும்மா போடுவாங்க, நீ தைரியமா வாங்கு"ன்னு தள்ளிவிட்டேன். வாசலுக்கும் ஜன்னலுக்கும் வாங்கிட்டுப் போனா. அடுத்த வாரம் அதே வரிசையிலேருந்து ஒருத்தங்க பின்னால ஒருத்தங்களா அஞ்சு பேரு வந்து, "அமுதா வீட்டுப் பச்சை இருக்கா?"ன்னாங்க. இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் ஜெயக்கொடி வேலையில்லாம மெஷினைத் துடைச்சுகினு உட்கார்ந்திருந்தா. கிழிச்சுட்டேன். அஞ்சு வீட்டுக்கும் கிழிச்சேன். தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்.

அமுதா மாடியேறி வந்த அன்னிக்கு நான் பெட்ஷீட்டு அடுக்குக்குப் பின்னால போயி நின்னுகிட்டேன். அவ தேடிக் கண்டுபிடிச்சுட்டா. "மன்னிச்சுக்கம்மா, இப்ப ஆறு வீடும் ஒரே பச்சை ஆயிடுச்சு"ன்னேன். அவ சிரிச்சுட்டா. "விடுங்கக்கா, இப்ப அவரு எந்த வீட்டுக்குள்ள போனாலும் காபி கொடுத்து அனுப்பிடறாங்க, எனக்கு ஒரு வேலை மிச்சம்."

நானே ஒட்டின சீட்டு

இப்ப என் முட்டாள்தனத்தைச் சொல்றேன், உங்களுக்குள்ளயே வச்சுக்குங்க.

எந்த டைப்புக்கு எத்தனை ஜன்னல், என்ன அளவுன்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. ஆடி பொறந்த மூணாம் நாளே, கூட்டம் வேற வரப்போகுதேன்னு, ஒரு பெரிய அட்டையில எல்லா டைப்புக்கும் அளவை அழகா எழுதிச் சுவத்துல ஒட்டினேன். ஜனங்க வந்தாங்க. அட்டையைப் படிச்சாங்க. போனை எடுத்து போட்டோ பிடிச்சாங்க. "சூப்பர்க்கா, ரொம்ப உபயோகமா இருக்கு"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க. எனக்கும் பெருமையா இருந்துச்சு. நல்லா நிமிர்ந்து நின்னு போஸ் கூடக் கொடுத்தேன்.

பத்து நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. எல்லாரும் அந்த போட்டோவை வச்சுகிட்டு வீட்டுல உட்கார்ந்தே ஆன்லைன்ல ஸ்கிரீன் வாங்கறாங்க. மைன்ஸ்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல என் அட்டை டவுன்ஷிப்பு முழுக்க பிளாக் பிளாக்கா சுத்துதாம். பத்தொம்பது வருஷமா நான் மண்டையில சேத்து வச்சிருந்ததை நானே எழுதிச் சுவத்துல ஒட்டியிருக்கேன். அட்டையைக் கிழிச்சு நாலா மடிச்சு பெஞ்சுக்கடியில போட்டேன். ஜெயக்கொடி என்னைத் திட்டியிருக்கலாம், அவ வேலைதான் போகப்போகுது. திட்டல. "எழுத்து மட்டும் முத்து முத்தா இருந்துச்சுக்கா"ன்னா.

பார்சல் தூக்கிட்டு வந்தவங்க

ஆன்லைன்காரங்ககிட்ட அஞ்சடி, ஏழடின்னு ரெடிமேடா தைச்சு வச்ச அளவுதான். எங்க குவார்ட்டர்ஸ் ஜன்னல் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. மாட்டிப் பாத்தா ஒண்ணு தொங்கி தரையைக் கூட்டுது, இல்ல பாதியிலயே நிக்குது. தொங்கறதையெல்லாம் பார்சல் கவரோட தூக்கிகிட்டு எங்க மாடிக்கே வந்துட்டாங்க, வெட்டித் தைச்சுத் தரச் சொல்லி. வெக்கமாவது ஒண்ணாவது. மொத நாள் ஒருத்தரை நான் நல்லாக் கேட்டு விட்டேன். "எங்க வாங்கினீங்களோ அங்கயே போயி வெட்டிக்குங்க"ன்னேன். ஜெயக்கொடிதான், "கொண்டாங்கண்ணா, சும்மாதானே இருக்கேன்"னு வாங்கித் தைச்சுக் கொடுத்தா. காசும் கேக்கல. மறுநாள் ஏழு பேரு. அதுக்கு மறுநாள் படிக்கட்டு வரைக்கும் வரிசை.

கீழ கல்லாவுல உட்கார்ந்து கேமராவுல பாத்துட்டு முதலாளி ஓடி வந்தாரு, மேல கூட்டம் அலைமோதுதேன்னு சந்தோஷமா. வந்து பாத்தா ஒருத்தர் கையிலயும் எங்க கடைத் துணி இல்ல. "யாரைக் கேட்டு ஓசியில தைக்கறீங்க?"ன்னு அவரு கத்த, ஜெயக்கொடி கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் தாங்கல. "ஆள் வராத மாடிக்கு ஆளை வரவச்சிருக்கா இவ, அதுக்கும் திட்டு வாங்கணுமா?"ன்னு முகத்துக்கு நேரா கேட்டுட்டேன்.  அவரு முகத்தைத் தூக்கி வச்சுகிட்டு, இனிமே தையலுக்குக் கூலி வாங்கியே ஆகணும்னு சொல்லிட்டு இறங்கினாரு. வரிசையில மொதல்ல நின்ன கோயம்புத்தூர்க்காரரு ரொம்ப மரியாதையாக் கேட்டாரு: "ஏனுங்க, அந்தக் கூலியில ஆடித் தள்ளுபடி உண்டுங்ளா?"

ஆவணி ஒண்ணாந்தேதி

ஆடி கடைசி நாள் மொபைல் கடைக்காரரு இடம் பாக்க வந்தாரு. காடாம்புலியூர்க்காரரு, சின்ன வயசு. முதலாளி அவருகிட்ட, "இவங்க ரெண்டு பேரும் நாளைக்குக் காலி பண்ணிடுவாங்க"ன்னு காதுபடவே சொன்னாரு. ஜெயக்கொடி கத்திரிக்கோல், நூல்கண்டு, டிபன் பாக்ஸ் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வச்சிருந்தா. என்னால அந்தப் பையைப் பாக்க முடியல.

மொபைல்காரரு மாடியை ஒரு சுத்து பாத்தாரு. அப்புறம் வரிசையைப் பாத்தாரு. பதினாலு பேரு, மடியில பார்சல், கையில போன், தைச்சு முடியற வரைக்கும் வேற வேலை இல்ல. "இவங்க எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாங்க?"ன்னு கேட்டாரு. "அரை மணி, முக்கா மணி ஆகும்"னேன். அவரு முதலாளிகிட்ட திரும்பினாரு. "சார், எனக்குப் பாதி மாடி போதும். போனும் கையுமா காத்திருக்கற இந்தக் கூட்டம் எனக்கு வேணும். இந்த அக்காங்க ரெண்டு பேரும் மெஷினும் இங்கயே இருக்கணும். இல்லன்னா எனக்கு இந்த இடம் வேணாம்"னாரு. நான் உட்கார்ந்துட்டேன். கடையில துணி காட்டறவங்க உட்காரக் கூடாதுன்னு ரூல் இருக்கு, இருக்கட்டும்.

மறுநாள் காலையில முதலாளி வந்தாரு. மாடியை ரெண்டாப் பிரிக்கணும், சுவரு வச்சா செலவு, அதனால குறுக்கால ஸ்கிரீன் போட்டுடலாம்னாரு. கெட்டித் துணியா, மேலேருந்து கீழ வரைக்கும், இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். வாழ்க்கையில மொத தடவையா ஸ்கிரீனுக்கு டேப்பு பிடிச்சு இடத்தை அளந்தேன். நாங்க கிழிச்சதுலயே பெரிய துணி அதுதான். முதலாளி பேருக்கே பில் போட்டேன். பில்லைப் பாத்துட்டு தலையைச் சொறிஞ்சாரு. "என் கடை, என் துணி, நான் சம்பளம் கொடுக்கற ஆளு. எனக்குத் தள்ளுபடி கிடையாதா?"

மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே ஜெயக்கொடி பதில் சொன்னா: "ஆடி நேத்தோட முடிஞ்சிடுச்சுங்க."

ஊருக்கே ஜன்னல் அளவு சொல்லி இந்த மாடியில பத்தொம்பது வருஷம் நின்னேன், கடைசியில எங்க வேலையைக் காப்பாத்தினது என்னமோ ஆன்லைன்ல எவனோ அளவு தப்பா வித்து எங்க தலையில கட்டின துணிதான்.