சீப்பக்கா வரைந்த திருடன்

கொண்டையில் எந்நேரமும் ஒரு வால் சீப்பு செருகியிருந்ததால் தெருவுக்கே அவள் சீப்பக்கா. பேக்கரிக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய முடி திருத்தும் கடை. சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். பெண்களுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு அவர்கள் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள், கடைசியில் கணவன்மாரையும் இழுத்து வந்து உட்கார வைத்தார்கள்.

கலைந்த தலையைப் பார்த்தால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் வகிடு கோணலாக இருந்தால், இறங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அவுத்து விட்டா போய்ச் சீவிடுவா" என்பான் அவள் கணவன். அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். பேச்சிலும் லிப்ட் மாதிரிதான். பொத்தானை அழுத்தினால்தான் கதவு திறக்கும். அதனால் மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் வீடு சத்தமில்லாமல் போய்விட்டது.

மகள் விட்டுப் போன மேஜை டிராயரில் ஒரு பெட்டி ஆயில் பேஸ்டல் வண்ணக்குச்சிகளும் ஒரு கட்டு கலர் பென்சிலும் கிடந்தன. வீணாகப் போகிறதே என்று சீப்பக்கா அவற்றைக் கடைக்கு எடுத்துப் போனாள். ஆள் வராத மதியங்களில் முதலில் ஆப்பிள் வரைந்தாள், பிறகு சிட்டுக்குருவி, அப்புறம் பேக்கரிப் பூனை. யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். பேஸ்டலைக் கெட்டியாகப் பூசிய இடத்தில் கலர் பென்சில் வழுக்கும், நிறம் ஏறாது. அதனால் கண்ணையும் மூக்கையும் முதலில் பென்சிலால் முடித்துவிட வேண்டும். உடம்புக்கு அடிப்பூச்சாக இருண்ட நிறம், அதன் மேல் வெளிர் நிறம். மேல்பூச்சைக் கூரான எதையாவது கொண்டு கீறினால் அடிநிறம் கோடு கோடாக எட்டிப் பார்க்கும், அதுதான் ரோமம். கூரான பொருளுக்கு அவள் எங்கேயும் போகவில்லை. கொண்டையிலிருந்த சீப்பை உருவி அதன் வாலால் கீறினாள். பேஸ்டல் காயவே காயாது என்பதால், கைக்குக் கீழே எப்போதும் ஒரு பட்டர் பேப்பர்.

இந்த நிலையில்தான் மாமனார் வந்து சேர்ந்தார்.

அவர் சின்ன மகனோடு இருந்தவர். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. முழங்கால் மக்கர் பண்ணவும், டாக்டர் படியே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெரிய மகன் வீட்டில் லிப்ட் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் நாய் வளர்க்கக் கூடாது. ஆகவே அவர் மட்டும் வந்தார். அவருடைய நாய் சின்ன மகனிடமே நின்றுவிட்டது.

நாயின் செல்லப் பெயர் திருடன். செருப்பு, துண்டு, ரிமோட் என்று வீட்டில் அது தூக்காத பொருள் இல்லை. மாமனார் தினமும் காலையில் போனில், "திருடன் சாப்ட்டானா? ராத்திரி எங்க படுத்தான்?" என்று உரக்க விசாரிப்பார். கட்டடத்துக் காவலாளி இரண்டு நாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சீப்பக்காவைத் தனியாக அழைத்து, "பெரியவருக்கு என்ன தொழிலுங்க?" என்று கேட்டான்.

சீப்பக்காவுக்கு மாமனாரைப் பிடித்திருந்தது. மதியம் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவள் சொல்லும் நகைச்சுவைக்கெல்லாம் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஆனால் வரவரச் சிரிப்பு குறைந்தது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மகனிடம் சொல்லிவிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு ஒரு டிக்கெட் போட்டுடுடா."

"அங்க மூணு மாடிப்பா. ஏறினா இறங்க முடியாது."

"ஏன் இறங்கணும்? திருடன் மேலதானே இருக்கான்."

கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, சரி என்று டிக்கெட் போட்டுவிட்டான். சீப்பக்காவுக்கு இரட்டைக் கவலை. மூன்றாவது மாடியில் அடைந்து கிடக்கப் போகிறாரே என்று ஒரு பக்கம். வீடு மறுபடியும் ஊமையாகிவிடுமே என்று இன்னொரு பக்கம். நாயைக் கொண்டு வர வழியில்லை. படத்தையாவது கொண்டு வரலாமே என்று தோன்றியது.

ஓரகத்தியிடம் சொல்லித் திருடனின் போட்டோக்களை வரவழைத்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டாள். மாமனார் கண்ணில் படாமல் காலையில் கடை திறந்தவுடன் வரைந்தாள். சாம்பல் நிறக் காகிதம். கண்ணுக்குத் தேன் நிறத்தில் மூன்று பென்சில், ஓரத்தில் கறுப்பு. வெளிச்சம் படும் புள்ளியைக் காகிதத்தில் அப்படியே விட்டு வைத்து, கடைசியில் வெள்ளை பேஸ்டலால் ஒரு தொடு. கண் உயிரோடு விழித்தது. உடம்பு நிறத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. தலைச்சாய அட்டையில் அது அவள் தினமும் குழைக்கும் பழுப்பு. கழுத்து, நெஞ்சு, காது என்று கீறி முடித்தபோது, பட்டுப் போல் ஒரு நாய் அவளைப் பார்த்தது.

அன்று சாயங்காலமே மாமனார் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. நிஜமாவே பிரமாதம்."

"நிஜமாவா மாமா?"

"ம். யார் வீட்டு நாய் இது?"

சீப்பக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "கடைக்கு வர்றவங்களோடது மாமா" என்று சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை படத்தைக் கடைக்கே திரும்ப எடுத்து வந்து, அதையும் போட்டோவையும் கண்ணாடி ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் செருகி வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். கண் சரி. மூக்கு சரி. நிறம் அச்சு அசல். எங்கேதான் தப்பு? அப்போது மருந்துக் கடைக்காரி வந்து நாற்காலியில் விழுந்தாள். எதற்கும் பொறுமையில்லாதவள், பாதி முடி வெட்டும்போதே எழுந்து போய் வியாபாரத்தைக் கவனித்துவிட்டு வருகிறவள்.

"சீக்கிரம்க்கா, கடையில ஆளில்ல. அட, இது யாரு? இதுக்கும் நீதான் முடி வெட்டினியா?"

"எதுக்குடி?"

"இந்த நாய்க்குத்தான். இன்டர்வியூக்குப் போற மாதிரி இருக்கு. வகிடு வேற எடுத்து விட்டிருக்கே!"

சீப்பக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

போட்டோவில் திருடனின் கழுத்து ரோமம் எதிர்த்திசையில் சிலிர்த்துக்கொண்டு நின்றது. நெஞ்சில் ஒரு சுழி, அதைச் சுற்றிக் காய்ந்த சேறு. ஒரு காது நிமிர்ந்து, இன்னொன்று நுனி மடங்கித் தொங்கியது. படத்தில் இது ஒன்றுமே இல்லை. கழுத்து ரோமம் ஒரே சீராகப் படிந்திருந்தது. நெற்றியில் நடுவகிடு. இரண்டு காதும் ஒரே உயரத்தில், ஓரம் வெட்டிவிட்ட மாதிரி. போட்டோவைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தாள். ஆனால் கண் பார்த்ததைக் கை போகும் வழியில் சீவிவிட்டிருக்கிறது.

"ஐயோ! குளிப்பாட்டி, சீவி, பவுடர் போட்டுல்ல அனுப்பியிருக்கேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருந்துக் கடைக்காரி அரைகுறைத் தலையோடு, "முதல்ல என்னை அனுப்புக்கா" என்று கத்தினாள்.

ஓரகத்திக்குப் போன் போட்டாள். "உள்ளதிலேயே கேவலமா இருக்கிற போட்டோவை அனுப்பு."

"யாரோடது? நாயோடதா, உங்க கொழுந்தனாரோடதா?"

"நாய் போதும்டி."

"அக்கா, இப்பதான் சாக்கடையில இறங்கிட்டு வந்து நிக்குது. குளிப்பாட்டிட்டு எடுக்கட்டுமா?"

"தொடாதே! அப்படியே எடு!"

போட்டோ வந்தது. பிரிண்ட் எடுத்துப் பார்த்ததும் வலது கை துறுதுறுத்தது. கழுத்துக்கு வந்தால் படிய வைக்கிறது, காதுக்கு வந்தால் நிமிர்த்துகிறது. இரண்டு காகிதம் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினாள், காகிதத்திலும் தலைகீழாகவே வரைய ஆரம்பித்தாள். இப்போது அது நாயாகத் தெரியவில்லை, முடியாகவும் தெரியவில்லை. இங்கே ஒரு இருட்டுத் திட்டு, அங்கே குறுக்கே ஓடும் ஒரு கோடு. எதைச் சீவுவது என்று தெரியாமல் கை கண் சொன்னபடி கேட்டது. சிலிர்ப்பு சிலிர்ப்பாகவே வந்தது. சுழியைச் சுற்றிச் சேற்றுக்குச் சாம்பலையும் பழுப்பையும் விரலாலேயே தேய்த்தாள். முடித்து நேராகத் திருப்பினாள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அசல் போக்கிரி ஒருத்தன் அவளை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமனார் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவள் படத்தைக் கையில் கொடுக்கவில்லை. கட்டிலுக்கு எதிரில் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த சட்டை நழுவியது.

"டேய்! எங்கடா போய்ப் புரண்டுட்டு வந்தே? ஒரு மாசம் நான் இல்லைன்னா இப்படியா?"

பிறகுதான் அவள் நிற்பது நினைவு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படம் நல்லா இருக்கு. அதுக்காக நான் இங்கயே இருந்துடுவேன்னு நினைக்காதே."

"இல்ல மாமா."

"வால் எங்க?"

"நெஞ்சு வரைக்கும்தான் மாமா. காகிதம் அவ்வளவுதான்."

"வால் இல்லாம எப்படிம்மா? அவன் திருடிட்டு வந்தா முதல்ல ஆடறதே அதுதான். அதுவும் இடது பக்கம் மட்டும்தான் ஆடும். போட்டோவில அது தெரியாது."

"தெரியாதுதான் மாமா. பக்கத்தில இருந்து யாராவது சொன்னாத்தான் உண்டு."

"பின்னங்காலை ஒரு மாதிரி மடக்குவான். அதையும் நீ தப்பாத்தான் போடுவே."

"கண்டிப்பா தப்பாத்தான் போடுவேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"முழு நாய்னா சொல்ல முடியாது மாமா. மதியத்தில மட்டும்தானே வரையறேன். மாசக்கணக்காகும்."

மாமனார் படத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மகனுக்குக் குரல் கொடுத்தார்.

"டேய், அந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு. அப்படியே உன் தம்பிகிட்ட மாசத்துக்கு ஒரு தடவை நாயைக் கார்ல ஏத்திட்டு வரச் சொல்லு. தங்கத்தானே கூடாது? பார்த்துட்டுப் போகலாமே. அளவெடுக்கணும்."

கணவன் எட்டிப் பார்த்தான். பொத்தானை யாரும் அழுத்தாமலே, "அப்பாடா" என்றான்.

மறுநாள் காலை சீப்பக்கா எழுதுபொருள் கடைக்குப் போனபோது மாமனாரும் கூடவே வந்தார். கடைக்காரர் அளவு வாரியாகக் காகிதங்களை எடுத்துப் போட்டார்.

"எவ்வளவு பெருசு வேணும்மா?"

சீப்பக்கா வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

"இவ்வளவு. அவன் காலை நீட்டித்தான் படுப்பான்."