மச்சானின் காற்று டிரில்

மச்சானின் காற்று டிரில்லை முதன்முதலில் கையில் வாங்கியபோது, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன். அத்தனை லேசு. மச்சான் என் மனைவியின் அண்ணன். மாத்தளையில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜ் வைத்திருப்பவர். நானோ ரத்தோட்டையில், வீட்டுக்குப் பின்னால் மிளகு காயப்போட்ட பழைய கொட்டகையில், இரண்டு பேர் போகக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் என் மனைவியைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, ரிவர்ஸ்டன் மலை வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள். பேட்டரி டிரில்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். சத்தமில்லை, குழாய் காலைச் சுற்றாது, கரண்ட் போனாலும் வேலை நிற்காது. எல்லாம் சரி, அதன் கனத்தை இந்தக் கை தாங்க வேண்டுமே! கொஞ்ச நேரத்திலேயே கை நடுங்கி, இறக்கைத் தகட்டில் ரிவெட் ஆணிக்குப் போட்ட ஓர் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. ஆகாயத்தில் அந்த ஓட்டையிலிருந்து தகடு கிழிந்தால் என்ன ஆகும்? இனி விமானமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கொட்டகையைப் பூட்டிவிட்டேன். உண்மையிலேயே மனசு விட்டுப்போயிற்று.

மச்சான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கராஜில் சும்மா கிடந்த கம்ப்ரஸரையும், அதன் காற்றில் ஓடும் அந்த டிரில்லையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "நீங்களே ஓட்டைகளப் போட்டுத் தாங்களேன்" என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"நான் போட்டா அது என் ப்ளேன் மாப்பிள்ள. ஒங்க ப்ளேனுக்கு நீங்கதான் போடணும்."

அந்தச் சின்ன டிரில்லில் விசையை மெல்ல அமுக்கினால் மெல்லச் சுழன்றது. கை அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. கம்ப்ரஸர் போட்ட இரைச்சலைத்தான் சொல்லி மாளாது. அதைக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ரிவர்ஸ்டன் பக்கத்து ஜன்னலோரம் வைத்தேன், பெரிய புத்திசாலி மாதிரி. மலையிலிருந்து இறங்கிய மூடுபனியை எல்லாம் அது இழுத்துக்கொண்டது. மறுநாள் டிரில் தகடு முழுக்கத் தண்ணீராய்த் துப்பியது. கம்ப்ரஸரின் காற்றுத் தொட்டிக்கு அடியிலிருந்த குழாயைத் திறந்துவிட்டு மச்சான் சிரித்தார்: "பனியப் புடிச்சு அடைச்சு வச்சிருக்கீங்களா?" பிறகு கம்ப்ரஸரை உள்சுவரோரம் தள்ளினோம். தினமும் வேலைக்கு முன் தண்ணீரை வடித்துவிடுவது எனக்கு இன்றுவரை பழக்கம்.

போன மாதம் இறக்கைகள் முடிந்தன. என்ஜின் இன்னும் வரவில்லை. "நான் செத்தாலும் இதுல ஏற மாட்டேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். மச்சான் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ரிவெட் வரிசையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அதில் ஓர் ஓட்டைகூட அவர் போட்டதில்லை.

"பக்கத்து சீட்டு எனக்குத்தான் மாப்பிள்ள. வேற யாருக்கும் சொல்லிறாதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வலது கையாலேயே துடைத்துக்கொண்டேன்.