குடிபாலாவின் ஐயகாருவும் அம்மகாருவும்

ஞானரட்ணம் போதகரும் அவர் மனைவி றூபியும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆந்திராவின் சித்தூருக்கு வந்து இது நான்காவது வருடம். எல்லையோரக் கிராமங்களில் இருக்கும் தமிழ்ச் சபைக்கு ஒரு போதகர் தேவை என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் கலியாணம் முடிந்துவிட்டது, உடம்பிலும் பலம் இருக்கிறது என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். தமிழ்ச் சனத்திடம்தானே போகிறோம், மொழிக்குக் கஷ்டம் வராது என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் முதல் ஞாயிறே கலைந்தது. எல்லைக் கிராமங்களில் ஒன்றான குடிபாலாவில் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு. ஆராதனை முடிந்ததும், பிரசங்கம் எப்படி என்று சுலோச்சனாவிடம் றூபி கேட்டாள். சுலோச்சனா மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை செய்பவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"ஐயகாரு நல்லா பேசனாரும்மா. இன்னா சொன்னாருன்னுதான் புரியல."

சபை மூப்பர் வேங்கடாசலத்துக்கோ வேறு கவலை. "எத கேட்டாலும் 'ஓம், ஓம்'ங்கறாரே, இவரு நம்ம ஆளுதானா?" என்று றூபியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார்கள். ஊரார் தெலுங்கு வழக்கப்படி போதகரை ஐயகாரு என்றும் அவர் மனைவியை அம்மகாரு என்றும் கூப்பிட்டார்கள். சபையின் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார்கள். ஞானரட்ணம் பழைய ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போனார். நோயாளி வீட்டில் ஜெபம், புது வீட்டில் ஜெபம், புருஷன் பெண்சாதி சண்டையில் பஞ்சாயத்து. றூபி குண்டூர் மிளகாயை வறுத்து இடித்து யாழ்ப்பாணக் கறித்தூளின் ருசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாள். புட்டுக்குச் சிவப்பரிசி மாவுதான் கிடைக்கவில்லை. வெள்ளை மாவிலேயே அவித்தாள்.

புதன்கிழமை தோறும் அவள் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போவாள். ரேணிகுண்டா பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பெண்கள் சிலர் அங்கே ஒரு ஹாஸ்டலில் இருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களோடு உட்கார்ந்து ஜெபிப்பாள். ஜெபத்தைவிடப் பேச்சுதான் அதிகம். அவர்களில் தேன்மொழி என்பவள் திருவண்ணாமலைக்காரி. றூபி கொண்டுவரும் புட்டுக்காகவே காத்திருப்பாள்.

போன கார்த்திகை மாத மழையில், ஹாஸ்டல் படியேறும்போதே றூபிக்குத் தலை சுற்றியது. தேன்மொழி தாங்கிப் பிடித்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஞானரட்ணத்துக்கு போன் செய்தாள். டெங்கு என்றார்கள்.

அவர் பதறிப்போய் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தவர்தான். முப்பது வருடத்துக் குடும்ப வாழ்க்கையில் றூபி இப்படிப் படுத்து அவர் பார்த்ததில்லை. மருந்துச் சீட்டை எந்த ஜன்னலில் நீட்டுவது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. தேன்மொழிதான் தெலுங்கில் கேட்டு ஓடினாள்.

சனிக்கிழமை காய்ச்சல் விட்டது. ரத்தத் தட்டணுக்களும் ஏறத் தொடங்கின. றூபி கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்குக் குடிபாலாவில ஆர் ஆராதனை நடத்துறது?"

"அதை விடும். நான் உம்மை விட்டிட்டுப் போகேலாது."

"தேன்மொழிக்கு நாளைக்கு லீவு. அவ இருப்பா. நீங்கள் போங்கோ. சனம் மழைக்குள்ள வந்து பாத்துக்கொண்டு நிக்கும்."

அவர் அரை மனதோடு காலையில் பஸ் ஏறினார். வழியில் ஓர் ஓடை பெருகி ரோட்டை மறித்திருந்தது. சித்தூர் வந்து, மழைக்கோட்டை மாட்டி, ஸ்கூட்டரை உதைத்துக் குடிபாலா போய்ச் சேர்ந்தபோது ஆராதனை நேரம் பாதி கடந்துவிட்டது. எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

சுலோச்சனா முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அம்மகாரு ஆஸ்பத்திரியில் இருக்கும் செய்தி ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. போதகர் வராததைப் பார்த்து வேங்கடாசலம் எழுந்து நின்றிருக்கிறார். அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "நீ ஏதாவது சொல்லும்மா" என்று அவளைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

"ஃபேக்டரியில லைன்ல நின்னுக்கினு பழம் அறுக்கறோம் இல்ல?" என்றாள் சுலோச்சனா. "ஒருத்தி மயங்கி உழுந்துட்டா பெல்ட்டு நிக்காது. பக்கத்துல கீறவ ரெண்டு பேரும் நகந்து வந்து அவ பழத்தையும் அறுப்பாங்க. இன்னொருத்தி ஓடிப்போயி தண்ணி கொண்டாருவா. யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. நம்ம அம்மகாரு இன்னிக்கு உழுந்து கீறாங்க. நாம நகந்து நிக்க வேணாவா? அவ்ளோதாம்பா சபைன்னா."

"ஆமா" என்று சில குரல்கள் எழுந்தன. யாரோ தெலுங்கில் ஜெபிக்கத் தொடங்கினார்கள். மற்றவர்கள் தமிழில் சேர்ந்துகொண்டார்கள்.

வாசலில் நின்ற ஞானரட்ணத்துக்கு முதலில் சுருக்கென்றது. மூன்று வருடம் இராப்பகலாய்ப் பிரசங்கம் தயாரித்தவர் அவர். ஒருநாளும் சனம் இப்படி வாய்விட்டு ஆமா சொன்னதில்லை. ஆனால் அந்தச் சுருக்கு நிலைக்கவில்லை. ஈரக் கோட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, பின்னால் பாய் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். வேங்கடாசலம் பார்த்துவிட்டு முன்னால் வரும்படி கைகாட்டினார். இவர் வேண்டாம் என்று தலையசைத்தார். ஜெபிக்கிற கூட்டத்தில் ஒருவராகக் கண்ணை மூடி உட்கார்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அது அவருக்குச் சுகமாக இருந்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் றூபியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"உங்களுக்குக் கோவமோ?"

"இல்லையப்பா. இனி மாசத்தில ஒரு ஞாயிறு அவ பேசட்டும். நான் கேட்டுக்கொண்டு இருக்கப்போறன்."

றூபி சிரித்தாள். சிரிக்கவும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

வீடு திரும்பிய பிறகு குடிபாலாப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சித்தூருக்கு வந்து சமைத்தார்கள். "துன்னாம படுத்துக்கினா எப்டி தெம்பு வரும்?" என்று அதட்டி ராகிக் களியை ஊட்டினார்கள். பொம்பளை பிரசங்கம் செய்வதாவது என்று சபையில் ஒருவர் முணுமுணுத்தார். "ஏம் பர்லேது, பேசட்டும்பா. அன்னிக்கு எனக்கே வாய் வரல" என்று வேங்கடாசலமே அவரை அடக்கிவிட்டார்.

சுலோச்சனாவின் முறை வந்த ஞாயிறன்று, றூபி முதல் தடவையாக வெளியே கிளம்பினாள். புருஷனும் பெண்சாதியும் எல்லோரோடும் பாயில் உட்கார்ந்தார்கள். பேச்சு பாதியில் இருக்கும்போது றூபியின் தலை பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்தது. உடம்பில் இன்னும் சோர்வு போகவில்லை. ஞானரட்ணம் எட்டி எழுப்பப் போனார்.

"உடுங்க ஐயகாரு, தூங்கட்டும்" என்றாள் சுலோச்சனா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.