கொலம்பஸ் அக்கா

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்தத் தீம் பார்க்கில் ஜெசிந்தாவைக் 'கொலம்பஸ் அக்கா' என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருடங்களாக அங்கே கொலம்பஸ் என்ற ஊஞ்சல் கப்பலை ஓட்டியவர். ஓட்டுவது பெரிய வித்தையில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் கப்பல் ஆடும், இன்னொன்றை அழுத்தினால் நிற்கும். ஏறுகிறவர்களை ஒழுங்காக உட்கார வைப்பதுதான் வித்தை. அதற்கென்றே ஒரு குரல் ஜெசிந்தாவுக்கு வாய்த்திருந்தது. சர்ச் பாடகர் குழுவில் அந்தக் குரலுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் பாடினால் மற்ற பதினோரு பேரும் சும்மா வாயசைத்தால் போதும் என்றாகிவிடும்.

போன வருடம் பார்க்கைப் பெரிதாக்கினார்கள். பின்னால் இருந்த சவுக்குத் தோப்பையும் சேர்த்து வேலி போட்டார்கள். கப்பலை கேஸ் கட்டரால் துண்டு துண்டாக அறுத்து லாரியில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் வெளிநாட்டு ரோலர் கோஸ்டரை நிறுத்தினார்கள். அதை ஓட்டுவது கம்ப்யூட்டர். அறிவிப்புக்குப் பதிவு செய்த குரல். ஜெசிந்தாவை, ஒன்றையொன்று இடித்து விளையாடும் டேஷிங் காருக்கு மாற்றிக் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்கள்.

"பத்தொம்போது வருசமா கத்திகினு இருந்தவ கையில பீப்பிய குட்த்துட்டானுங்க," என்று வீட்டில் புருஷன் ஏசுபாதத்திடம் சொன்னார்.

"தொண்டைக்கு ரெஸ்ட்டுன்னு நென்ச்சிக்க," என்றார் அவர். அன்று ராத்திரி குழம்பை அவரே சூடு பண்ணிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ரோலர் கோஸ்டரில் ஒவ்வொரு சீட்டுக்கும் மடிமேல் இறங்கும் ஒரு கம்பி உண்டு. எல்லாக் கம்பியும் சரியாக இறங்கினால்தான் வண்டி கிளம்பும். அதற்காகப் பதிவு செய்திருந்த குரல் இப்படிச் சொல்லும்: "அன்பார்ந்த பயணிகளே, தங்களது மடித்தடுப்பைக் கீழ்நோக்கி அழுத்தி ஒத்துழைக்குமாறு வேண்டுகிறோம்."

மடித்தடுப்பு என்றால் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. ஒத்துழைக்கச் சொன்னதும் சிலர் கை தட்டினார்கள்.

காணும் பொங்கலன்று கூட்டம் நெரிந்தது. பொத்தேரி ஹாஸ்டல் மாணவர்கள் ஒரு வண்டி நிறைய ஏறி உட்கார்ந்துகொண்டு எழுந்து எழுந்து செல்ஃபி எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. குரல் ஏழாவது முறையாக வேண்டிக்கொண்டிருந்தது. ரைடுக்குப் பொறுப்பான இன்ஜினியர் பிரவின்குமார், சேலத்துப் பையன், சத்தமாகப் பேசிப் பழகாதவன், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சோர்ந்து போனான். வரிசை டேஷிங் கார் வரை நீண்டுவிட்டது.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்த ஜெசிந்தா அதைப் பார்த்தார். மைக் வேண்டும் என்று கேட்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"யோவ் கூலிங் கிளாஸு, மடியில பைய வச்சிகினு கம்பி எப்டிய்யா எறங்கும்? தூக்கி வெளிய வையி. தே மஞ்ச சுடிதாரு, போட்டோ அப்பால எடுத்துக்கலாம், உக்காரு மொதல்ல. மூணாவது சீட்டு, இன்னா பாக்கற, உன்னத்தான்."

வண்டி மொத்தமும் அடங்கி உட்கார்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

மேனேஜர் பார்த்தசாரதி இதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரமே ஜெசிந்தாவைக் கேளம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினார். அந்தக் குரலையே பதிந்து போட்டுவிடலாம் என்று அவர் கணக்கு.

ஸ்டூடியோவில் ஏசி குளுகுளுவென்றிருந்தது. மைக்கைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்கு வேதபாடம் வாசிக்கிற குரல்தான் வந்தது. "எல்லாரும்... கம்பிய... எறக்குங்க," என்றார், ஆமென் சொல்லாத குறையாக.

"அக்கா, அன்னிக்கு மாதிரி திட்டுங்க," என்றான் கூட வந்திருந்த பிரவின்குமார்.

"யாரும் எந்தத் தப்பும் பண்லியேப்பா. சொவத்த பாத்து எப்டி திட்டறது?"

பிரவின்குமார் யோசித்துப் பார்த்தான். வேறு வழியில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் பையை வைத்துக்கொண்டான். போனை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, பல்லைக் காட்டி, பாதி எழுந்தும் நின்றான்.

ஜெசிந்தாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "தே பச்ச சட்ட, உன்னத்தான். போன உள்ள வையி. வூட்ல சொல்லிட்டு வந்தியா இல்லியா? உக்காரு."

ஒரே டேக். அவன் முகம் வெளிறிப் போய் நிஜமாகவே போனைப் பைக்குள் போட்டுவிட்டான்.

அதையே ரைடில் போட்டார்கள். பிரமாதமாக வேலை செய்தது. அநேகமாக எந்த வண்டியிலும் பச்சையாக ஏதாவது போட்ட ஒருவர் இருந்தார். அவர் திடுக்கிட்டு உட்கார, அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் பச்சை போடாத வண்டியில், தன் சட்டை பச்சையா நீலமா என்று நாலு பேராவது குனிந்து பார்த்துக்கொண்டார்கள். கம்பி இறங்க அது போதும்.

ஒருநாள் அணுபுரத்திலிருந்து குடும்பத்தோடு வந்த விஞ்ஞானி ஒருவர், பச்சைச் சட்டையோடு நேரே மேனேஜர் அறைக்குப் போனார். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்தசாரதி எழுந்து நின்றார். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கலரைக் கண்டுபிடிக்கிற சென்சார் எந்தக் கம்பெனி? வெயில்ல கூட சரியா பிடிக்குதே," என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பார்த்தசாரதி, அது ரகசியம் என்று சொல்லிவிட்டார்.

ஜெசிந்தாவுக்குத்தான் பேஜாராக இருந்தது. டேஷிங் கார் மேடையில் நிற்கும்போது நாலு நிமிடத்துக்கு ஒருமுறை தன் குரலே தன்னை மிரட்டியது. முதல் இரண்டு நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள், 'வூட்ல சொல்லிட்டு வந்தியா' என்று கேட்டதும், கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து ஏசுபாதத்துக்குப் போன் போட்டார்.

மழைக்காலத்துக்கு முன்னால் பார்த்தசாரதியே டேஷிங் காருக்கு வந்தார். "ஜெசிந்தாம்மா, அடுத்த வருஷம் இன்னும் மூணு ரைடு மாத்தறோம். மூணுக்கும் உங்க குரல்தான்."

"குடுக்கறேன் சார். மொதல்ல இங்க ஒரு சேர் போடுங்க. வந்த நாள்லேர்ந்து நின்னுகினே கீறேன்."

"அவ்வளவுதானா?"

"கை வச்ச சேரு."

மறுநாள் ஆபீஸிலிருந்து கைப்பிடியும் சக்கரமும் வைத்த நாற்காலி வந்தது. ஜெசிந்தா உட்கார்ந்ததும் அது மேடைச் சரிவில் தானாக உருண்டு போய் வேலியில் முட்டி நின்றது. பதறி ஓடிவந்த பிரவின்குமாரைக் கையமர்த்தினார். எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லாக் கார்களும் நன்றாகத் தெரிந்தன.