தளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

மகள் வளைகுடா நாடொன்றில் நர்ஸ். அவளுக்கு அங்கே வீடு தேர்ந்தெடுத்தது நான்தான், அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு. அவள் படம் அனுப்பிய மூன்று வீடுகளில், பால்கனியிலிருந்து விமானப்படைத் தளம் தெரிகிற வீட்டை எடுக்கச் சொன்னேன். அந்தத் தளம் அந்த நாட்டின் கூட்டாளியான வல்லரசுடையது. வேலிக்கு அப்பால் அவ்வளவு பெரிய படை நிற்கும்போது யார் கிட்டே வருவார்கள் என்று நினைத்தேன். மண்ணூர்பேட்டையில் டாங்கி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதகர் வேலை. ஆயுதங்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

அந்தப் பக்கம் சண்டை மூண்டதும் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, கீழ் மாடியில இருந்த படைக்காரங்க குடும்பமெல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. நீச்சல் குளத்துல ஒரு குழந்தைகூட இல்ல. வியாழக்கிழமை டிக்கெட் இருக்கு. வந்துடட்டுமா?"

"குடும்பத்தை அனுப்பிட்டா இன்னும் துணிஞ்சு சண்டை போடுவாங்கம்மா. உனக்கு நல்லதுதான். வேலையை விட்டுட்டு வராதே."

பக்கத்தில் நின்ற மனைவி, "வரச் சொல்லுங்க" என்று இரண்டு முறை சொன்னாள். கையைக் காட்டி அடக்கினேன்.

மறுநாள் கம்பெனியில் டீ நேரத்தில் இதைப் பெருமையாகவே சொன்னேன். லேத் ஓட்டுகிறவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாண்ணாத்தே பேசற? அவன் பொண்டாட்டி புள்ளைங்கள பத்ரமா இட்டுகினு போய்ட்டான். நீ உன் பொண்ண அவன் ஊட்டுக்குக் காவல் வெச்சிகினு கீற."

"வர்ற ஏவுகணையை வானத்துலயே அடிக்கிற கருவி அங்க இருக்கு. உனக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னா தெரியும்? நீதான் அதுக்கு ஸ்க்ரூ செக் பண்ணி அனுப்ன மாரி பேசற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை மாலை, அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. படம் ஆடிக்கொண்டே இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம்.

"அப்பா, ஜன்னல் எல்லாம் போயிடுச்சு."

ஏவுகணை அவள் வீட்டைத் தாக்கவில்லை. தளத்தை நோக்கி வந்ததை அந்தக் கருவி வானத்திலேயே அடித்துவிட்டது. குறி தப்பவில்லை, பழுது எதுவும் இல்லை. உடைந்த துண்டுகள் விழுந்த இடம்தான் அவளுடைய கட்டடம். நான் நம்பிய பொருள், நான் நம்பியபடியே வேலை செய்திருந்தது.

"தளத்துல விமானம்கூட இல்லப்பா. போன வாரமே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அதுக்கும் ஒரு காரணம் சொல்வீங்க."

ரயில் வந்து நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை.

கையில் ஏழு தையல். ஆஸ்பத்திரி விடுதியில் தங்கியிருக்கிறாள். விமான நிலையம் மூடியே கிடக்கிறது. இப்போதெல்லாம் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிடுகிறாள். இன்று காலை, பக்கத்து நாட்டுக்கு ஒரு பஸ் போகிறது, அங்கிருந்து விமானம் கிடைக்கும், ஏறட்டுமா என்று அம்மாவைத்தான் கேட்டாள். மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

"கிளம்பிடு" என்றாள்.

பஸ் நாளைக் காலை புறப்படுகிறது. அந்தச் சாலை பத்திரமானதா என்று எனக்குத் தெரியவில்லை.