பழைய லென்ஸும் தேவராஜ் அங்கிளின் கண்ணும்

கல்யாண போட்டோகிராபி என்பது, இன்னொரு தடவை நடக்கப்போகாத ஒன்றை முதல் தடவையிலேயே பிடித்துவிட வேண்டிய வேலை. இது தெரிந்தும், கேமரா தானாகவே ஃபோகஸ் செய்கிற இந்தக் காலத்தில், ஐம்பது வயசு லென்ஸை மாட்டிக்கொண்டு கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு, மைன்ஸ் என்கிற தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், ஆண்டர்சன்பேட்டை பஜாரில், மாடியில், ஒரு சின்ன ஸ்டுடியோ. இரண்டு வருஷத்துக்கு முன்பு பெங்களூர் சண்டே பஜாரில் பழைய லென்ஸ் இரண்டு வாங்கினேன். இரும்பும் கண்ணாடியும் தவிர உள்ளே ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு அடாப்டர் போட்டு டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் படம் வரும். ஊரில் வேறு யாரிடமும் இது இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வாங்கினேன் என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

லென்ஸ் இல்லை

முதல் வெள்ளோட்டம் பக்கத்துப் பாலகாட்டில் ஒரு நிச்சயதார்த்தம். இந்த மாதிரி லென்ஸை மாட்டினால் கேமராவுக்கு அது இருப்பதே தெரியாது. 'லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடு' என்று மெனுவில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லித்தான் வைத்திருந்தேன். முந்தின நாள் எதற்கோ கேமராவை ரீசெட் செய்ததில் அது போய்விட்டது.

மாப்பிள்ளை மோதிரத்தைப் பெண்ணின் விரல் நுனியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் பட்டனை அமுக்குகிறேன். திரையில் 'லென்ஸ் இல்லை' என்று வருகிறது. கையில் அரைக் கிலோ லென்ஸைப் பிடித்துக்கொண்டு மெனுவுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. பெண்ணின் மாமா மைன்ஸில் வேலை பார்த்தவர். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மோதரம் ரெடி, வெரலு ரெடி. உங்க மெஷின் இன்னும் ஷிஃப்டுக்கு வரலியா?"

லுக்

என்னைப் பிடித்த சனி ஒரு பாராட்டு வழியாகத்தான் வந்தது. பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை, ரிசப்ஷனில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். அது ஃபோகஸ் தப்பின படம். இரண்டு பேரும் புகைக்குள் நிற்கிற மாதிரி இருந்தார்கள், பின்னால் சீரியல் லைட்டெல்லாம் வட்டம் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது. தூக்கிப்போட மறந்து பென்டிரைவில் போய்விட்டது, அவ்வளவுதான்.

தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தன் மொபைலில் அதை முகப்புப் படமாக வைத்துவிட்டார். நானும் மிடுக்காகத் தலையாட்டிவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் மீதிக் கதை இல்லை. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணா, இது செம விண்டேஜ் லுக். ஃபில்டர் போட்டா கூட இது வராது."

பார்டர்

அதற்கப்புறம் தப்பின படத்துக்கெல்லாம் எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஆண்டர்சன்பேட்டை மண்டபத்தில் ஒரு முகூர்த்தம். கையால் ஃபோகஸ் செய்யும்போது எது தெளிவாக இருக்கிறதோ அதன் ஓரத்தில் கேமரா சிவப்புக் கோடு காட்டும். ஆனால் பட்டுப்புடவை ஜரிகை அந்தக் கோட்டை முகத்துக்கு விட்டுக்கொடுக்காது, முதலில் அதுதான் மினுக்கும். நானும் மினுக்கியதை நம்பி நாற்பது படம் எடுத்தேன். ஜரிகையில் இழையை எண்ணலாம். பெண்ணின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று தெரியாது.

வீடியோ எடுக்கிற முனிராஜ் என்னோடு எட்டு வருஷமாக இருக்கிறவன். கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பெண்ணின் அம்மாவிடம் நான் லுக் என்று ஆரம்பித்தேன். அந்தம்மா ஆல்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்: "பொடவக் கடைக்காரருக்குக் குடுங்க, மாட்டி வெச்சிக்குவாரு. எம்பொண்ணு மூஞ்சி எதுல கீதுன்னு மட்டும் சொல்லுங்க."

பதினோரு படம்

தேவராஜ் அங்கிள் பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸ்காரர். மைன்ஸ் மூடும் வரைக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கும் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்து இயக்குகிற வேலை. கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழேயிருந்து ஒருவர் மணியடிப்பார், அந்த மணியை நம்பி, கயிறு சுற்றும் டிரம்மில் சாக்பீஸால் போட்ட கோட்டைப் பார்த்து, சரியான லெவலில் நிறுத்துவார். மனைவி தவறிப் பல வருஷமாகிறது. ஒரே மகள் ஷீலாவுக்குச் சர்ச்சில் கல்யாணம். ஆல்பம் மாப்பிள்ளை வீட்டுக்கு. இவர் கேட்டது ஒரே ஒரு படம், பெண்ணைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு வருகிற படம்.

அன்றைக்கு நான் இரண்டாவது லென்ஸை, நீளமானதை, மாட்டினேன். முனிராஜ் பீடத்துப் பக்கம் மாப்பிள்ளையை வீடியோ எடுக்கப் போகும்போது சாதாரண லென்ஸையே போடச் சொன்னான். நான் கேட்கவில்லை. முதல் லென்ஸில் வளையத்தை இடது பக்கம் திருப்பினால் கிட்டே இருப்பது தெளியும். இரண்டாவதில் நேர்மாறு. பழகின கை பழகினபடி திருப்பியது. அவர்கள் வரவர நான் ஃபோகஸைப் பின்னால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். பதினோரு படத்திலும் பின்வரிசைப் பூச்சாடி பளிச்சென்று இருந்தது. சர்ச் வாசலில் அங்கிள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்: "அந்த ஒண்ணு வந்துச்சில்ல தம்பி? அது போதும் எனக்கு."

மங்கல்

வந்தது என்று சொல்லிவிட்டேன். பதினொன்றில் சுமாரானதைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்தேன். ஷீலா அதற்குள் புருஷனோடு மஸ்கட் போயிருந்தாள். அங்கிள் தனியாக வந்தார். படத்தைக் கையில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்றார்.

லுக் என்றால் அவருக்குப் புரியாது என்று எனக்குத் தெரியும். அதனால் அதைவிடக் கேவலமாக ஒன்று சொன்னேன். படம் கரெக்டாகத்தான் இருக்கிறது அங்கிள், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்குத்தான் சரியா தெரில போல."

ரயிலில்

மூன்று வாரம் கழித்து முனிராஜ், ஆல்பம் பிரிண்ட் போடக் காலை ரயிலில் பெங்களூர் போனான். சாம்பியன் ரீப்ஸில் அங்கிள் ஏறியிருக்கிறார். வேலைக்குப் போகிற கூட்டத்தில் உட்கார இடமில்லை. போகப்போகத்தான் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்களாம். எங்கே என்று இவன் கேட்டதற்கு, கண் ஆஸ்பத்திரிக்கு என்றிருக்கிறார். மற்றதெல்லாம் தெரிகிறது, படத்தில் பாப்பா முகம் மட்டும் தெரியவில்லை, முற்றுவதற்குள் காட்டிவிடலாம் என்று போகிறாராம். மடியில் அந்தப் படம், துண்டில் சுற்றி.

இதை முனிராஜ் ஸ்டுடியோவில் நின்றபடி சொன்னான். எனக்குக் கேமராவைத் தொடக் கூசியது. அப்போதே போன் செய்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. என்ன சொல்வது என்று யோசிக்கிறேன் என்றேன். முனிராஜ் பையை மாட்டிக்கொண்டான்: "அதுல யோசிக்க இன்னா கீதுண்ணா? அவருக்குக் கண்ணு போச்சுன்னு நெனச்சுக்கினு கீறாரு."

ரிப்போர்ட்

நான் யோசித்து முடிப்பதற்குள் அங்கிளே படியேறி வந்துவிட்டார். ரிப்போர்ட் கவரை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் படத்தை வைத்தார். சண்டைக்கு வந்த முகமில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் பக்கம் திருப்பினேன், எத்தனை படம் போயிற்று, தெரிந்தே என்ன பொய் சொன்னேன், ஒன்றுவிடாமல். என் வாழ்நாளில் அவ்வளவு கூனிக் குறுகி நான் நின்றதில்லை. அவர் கவரை மடித்துப் பையில் வைத்தார், படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை: "ரெண்டு கண்ணும் நல்லா கீதுன்னுதான் டாக்டரும் சொன்னாரு தம்பி. நீ சொன்னதால நான் அவரத்தான் நம்பல."

கோடு

கிறிஸ்துமஸுக்கு ஷீலா வந்தபோது, பாஸ்டரிடம் அனுமதி வாங்கி, காலிச் சர்ச்சில் அப்பாவையும் பெண்ணையும் மறுபடி நடக்கச் சொன்னேன். சாதாரண லென்ஸோடுதான் போனேன். ஆனால் அங்கிள், பையில் கிடந்த அந்தப் பழைய நீள லென்ஸைப் பார்க்க வேண்டும் என்றார். வளையத்தைத் திருப்பிப் பார்த்தார், மேலே பொறித்திருந்த தூரக் கணக்கைப் படித்தார். ஒரு இடத்தில் ஃபோகஸை நிறுத்திவிட்டு, அதைத் தொடாமல் கேமராவில் மாட்டு என்றார். பாக்கெட்டிலிருந்து சாக்பீஸ் எடுத்து, நான் நின்ற இடத்திலிருந்து அந்தத் தூரத்தை அடியெடுத்து அளந்து, தரையில் ஒரு கோடு போட்டார். சுடிதார் போட்ட மகளைக் கைபிடித்து நடந்துவந்து, செருப்பு நுனி கோட்டைத் தொட நின்றார். ஒரே படம். இமை மயிர் தெரிந்தது.

பெரிதாக்கி, சட்டம் போட்டு, நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஹாலில் ஆணி அடித்து ஏற்கெனவே ஒரு படம் தொங்கியது. வெள்ளை கவுன், மங்கலாக இரண்டு முகம், பின்னால் பளிச்சென்று பூச்சாடி. அதைக் கழற்றிக் கொடுங்கள் அங்கிள், இதை மாட்டலாம் என்று கெஞ்சினேன். அவர் புதிய படத்தை வாங்கி, நன்றாகப் பார்த்து, சந்தோஷப்பட்டு, உள்ளறையில் கட்டில் பக்கம் வைத்தார். திரும்பி வந்து சொன்னார்: "இது நல்லா வந்துகீது தம்பி. ஆனா எம்பொண்ணுக்குக் கல்யாணம் நடந்தது அன்னிக்குத்தான?"

ஆகவே சக பாவிகளே, படம் மங்கலாக வந்தால் மங்கலாக வந்துவிட்டது என்று அங்கேயே சொல்லித் தொலைத்துவிடுங்கள், யாரோ ஒரு மனுஷர் நம்மை நம்பி பெங்களூர் வரைக்கும் ரயில் கூட்டத்தில் இடிபட்டுப் போவதாவது மிச்சமாகும்.